சிலந்தி வலை வாங்கித் தரும் சில விநாடிகள்

நீங்கள் கேட்டவை மூன்று. வளவில் கிளுவை வேலிக்கும் முருங்கைக்கும் நடுவே நாள்தோறும் காலையில் புதிதாக ஒரு வட்ட வலை நிற்கிறது. அதன் நடுவில் தலைகீழாக இருக்கும் சிலந்தி தன் பசையிலேயே ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? தூங்குவதுபோல் கிடக்கும் அதற்கு இரை விழுந்தது எப்படித் தெரிகிறது? அதை அப்படியே விடலாமா, தும்புத்தடியால் தட்டிவிட வேண்டுமா? இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: கடலேரியில் மீன் அடைபட வேலிபோல் களங்கட்டி கட்டுகிறவர்களைப் போல வலையைக் கட்டிவிட்டுச் சும்மா இருந்து சாப்பிடுகிற பிராணி என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. இரையைப் பிடிப்பது வலையா, சிலந்தியா? களங்கட்டிக்குள் புகுந்த மீனும் இறாலும் விடியும்வரை உள்ளேயே நிற்கும். கட்டியவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாம். சிலந்திக்கு அந்தச் சொகுசு கிடையாது. வட்ட வலையில் மோதும் பூச்சிகளில் பல, யாரும் வந்து தொடாவிட்டால், சில விநாடிகளிலேயே உதறிக்கொண்டு போய்விடும். வலை இரையை நிறுத்துகிறது. கொஞ்ச நேரம் தாமதப்படுத்துகிறது. மிச்சமெல்லாம் சிலந்தியின் கால்களில் இருக்கிறது.

பதிலுக்குப் போகுமுன் என் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன். சிலந்திகளைப் பல ஆண்டுகளாக வளவிலும் வயலோரத்திலும் பார்த்து வருகிறேன். ஆனால் இனம் பிரித்துப் பெயர் சொல்வது தனித் துறை. உடலின் நுண்ணிய பாகங்களை உருப்பெருக்கியில் பார்க்காமல் அதைச் சரியாகச் செய்ய முடியாது. வலையின் நடுவில் வெள்ளையாக வளைந்து வளைந்து ஒரு தையல் இருப்பதாகவும், சிலந்தி எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு அடையாளமும் ஆர்கியோப் என்ற பேரினத்துக்கு உரியவை. அதற்குள் எந்த இனம் என்பதை உங்கள் விவரிப்பை மட்டும் வைத்து நான் சொல்ல மாட்டேன். நீங்கள் பார்ப்பது பெண் என்பது மட்டும் ஏறத்தாழ நிச்சயம். ஆண் மிகச் சிறியது. வலையின் ஓரத்தில் ஒதுங்கி நின்றாலும் கண்ணில் படாது.

அதன் வயிற்றில் ஒரே வகை நூல் இருப்பதாக நினைக்க வேண்டாம். வட்ட வலை பின்னும் பெண் சிலந்திக்கு ஏழு வகைச் சுரப்பிகள் உண்டு. வலையின் வெளிச் சட்டத்துக்கும், மையத்திலிருந்து சட்டம்வரை நேராகப் போகும் ஆரைகளுக்கும், தானே தொங்கி இறங்கும் கயிற்றுக்கும் ஒரு வகை, கட்டும்போது ஏறி நிற்கப் போடும் தற்காலிகச் சுருளுக்கு இன்னொன்று, பூச்சி பிடிக்கும் சுருளின் உள்நூலுக்கு வேறொன்று, அந்த நூலின்மேல் பூசும் பசைக்குத் தனிச் சுரப்பி, நூல் முனையை இலையிலோ சுவரிலோ ஒட்ட ஒன்று, இரையைச் சுற்றிக் கட்ட ஒன்று, முட்டைக்கூட்டுக்கு ஒன்று. எல்லாம் புரதமே. சுரப்பிக்குள் அது திரவமாக இருக்கிறது. குறுகிய குழாய் வழியே வரும்போது நீர் உறிஞ்சப்படுகிறது, அமிலத்தன்மை கூடுகிறது, இழுவிசையால் மூலக்கூறுகள் ஒரே திசையில் அடுக்கப்படுகின்றன. வெளியே வரும்போது திண்ம நூல். திரைப்படத்தில் வருவதுபோல் சிலந்தி நூலைப் பீய்ச்சி அடிப்பதில்லை. ஒன்றில் பின்னங்காலால் இழுக்க வேண்டும், அல்லது தன் உடல் பாரத்தாலோ காற்றாலோ இழுபட வேண்டும்.

இரும்பைவிட ஐந்து மடங்கு வலிமை என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒரே தடிப்புள்ள கம்பியும் நூலும் என்று பார்த்தால், சட்ட நூல் நல்ல உருக்குக் கம்பிக்குக் கிட்ட வருகிறது, அவ்வளவுதான். உருக்கின் அடர்த்தி சிலந்தி நூலின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்பதால், ஒரே எடைக்கு ஒப்பிடும்போது அந்த ஐந்து மடங்குக் கணக்கு வருகிறது. என்னைக் கேட்டால் நூலின் பெருமை அதில் இல்லை. அறுவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. வேகமாகப் பறந்து வரும் ஒரு தும்பியை நிறுத்த வலிமை மட்டும் போதாது. விறைப்பான வலையாக இருந்தால் ஒன்றில் அறுந்துவிடும், இல்லையேல் பூச்சியைத் திருப்பி எறிந்துவிடும். ஆரைகள் விறைப்பாக நின்று மோதலைத் தாங்குகின்றன. பிடிசுருள் தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குவரை இழுபட்டுக் கொடுக்கிறது. இழுபட்டது இறப்பர்போல் சடாரென்று திரும்பாமல் மெதுவாகத் திரும்புகிறது. மோதலின் ஆற்றலில் பெரும்பகுதி நூலுக்குள்ளேயே வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. அதனால் பூச்சி துள்ளி வெளியே விழுவதில்லை.

வலை கட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் விடியுமுன் எழும்ப வேண்டும். உங்கள் சிலந்தி பகல் முழுவதும் வலையில் இருக்கும் வகை. பெரும்பாலும் இருட்டோடு இருட்டாகக் கட்டி முடித்துவிடும். முதல் நூலைப் போடுவது காற்று. சிலந்தி ஒரு கிளையில் நின்று வயிற்றைத் தூக்கி மெல்லிய நூலை விடுகிறது. சோளகமோ வாடையோ, அந்த நேரத்தில் வீசுவது அதைக் கொண்டுபோய் எதிரே எதிலாவது ஒட்டவைக்கிறது. சிலந்தி இழுத்துப் பார்க்கும். பிடித்திருந்தால் அதன்மேல் நடந்து நூலைப் பலப்படுத்தும். பின்பு அந்தப் பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி ஒரு நூலைக் கட்டினால் மூன்று முனைகள் கிடைக்கின்றன. அந்த மூன்றும் சந்திக்கும் இடமே வலையின் மையம். அதன் பிறகு சட்டமும் ஆரைகளும் விறுவிறுவென்று வந்துவிடும்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது அடுத்த கட்டம். மையத்திலிருந்து வெளியே நோக்கி, அகல அகலமாக, பசையில்லாத ஒரு சுருளைப் போடுகிறது. அது சாரம் மட்டுமே. வெளி ஓரத்தை எட்டியதும் திரும்பி, இப்போது வெளியிலிருந்து உள்ளே நோக்கிப் பசைச் சுருளைப் போடத் தொடங்குகிறது. போகப் போகப் பழைய சாரத்தை வெட்டி எடுத்துவிடுகிறது. ஒரு டார்ச் வெளிச்சத்தை இலைமேல் படவிட்டு, தெறிக்கும் ஒளியில் பாருங்கள். ஒரு முன்னங்கால் நீண்டு முந்திய சுற்று எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்கும். அந்த இடைவெளியை அளந்த உடனே உடல் திரும்பும். பின்னங்கால் நூலை இழுத்து ஆரையில் அழுத்தும். அடுத்த ஆரைக்குக் கால் நீளும். தொடுதல், அளத்தல், இழுத்தல், அழுத்தல். ஒவ்வொரு ஆரையிலும் இதே நாலு செயல், நூற்றுக்கணக்கான தடவை, கண்ணின் உதவி இல்லாமல். முழு வலைக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

அடுத்த நாள் அந்தப் பழைய வலை எங்கே போகிறது என்பதும் நல்ல கேள்விதான். சிலந்தி அதைச் சுருட்டித் தின்றுவிடுகிறது. நூலின் புரதத்தில் பெரும்பகுதி மீண்டும் புதிய நூலாக வெளிவருகிறது என்பதை அமினோ அமிலத்துக்குக் கதிரியக்கக் குறியிட்டு 1971இல் வெளியான ஆய்வு காட்டியது. பசையில் ஒட்டியிருந்த மகரந்தமும் கூடவே வயிற்றுக்குள் போகிறது. திருவானைக்காவில் ஆனை அழிக்க அழிக்க ஒரு சிலந்தி நாள்தோறும் வலைப்பந்தலைப் புதுப்பித்தது என்றும், அதுவே கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்றும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், நாள்தோறும் புதுப்பித்தது என்ற அந்தக் குறிப்பில் உயிரியலாளன் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பசைக்கு வருகிறேன். பிடிசுருளை ஒரு கைவில்லையால் பாருங்கள். நூலில் ஒரே சீரான இடைவெளியில் நுண்ணிய மணிகள் கோத்திருப்பது தெரியும். பூசும்போது பசை நூலைச் சுற்றிச் சீரான உறையாகத்தான் இருக்கிறது. பரப்பிழுவிசை அதை மணிமணியாக உடைக்கிறது. குழாயிலிருந்து ஒழுகும் நீர்த்தாரை துளிகளாகப் பிரிவதும் இதே விதியால்தான். மார்கழிக் காலையில் வலை முழுவதும் மின்னுவது பனித்துளி. அதைப் பசை என்று மயங்க வேண்டாம். பசை மணி அதைவிட மிகமிகச் சிறியது. அதற்குள் ஒட்டும் தன்மையுள்ள புரதமும், காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் உப்புக்களும் சிறிய மூலக்கூறுகளும் இருக்கின்றன. ஈரம் இருந்தால்தான் பசை நெகிழ்ந்து பூச்சியின் உடலில் பரவும், நூலும் இழுபடும். முற்றாக உலர்ந்தால் பிடி விடும். அளவுக்கு மிஞ்சி ஈரமானால் நீர்த்து வழுக்கும். வறண்ட இடத்துச் சிலந்தியின் பசையும் ஈர நிலத்துச் சிலந்தியின் பசையும் அவ்வவற்றின் ஊர் ஈரப்பதத்திலேயே நன்றாக ஒட்டுவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. இந்த மணிகளுக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. நூல் தளரும்போது உபரி நூல் மணிக்குள் சுருண்டு கொள்கிறது. இழுத்தால் மீண்டும் அவிழ்ந்து வருகிறது. 1989இல் ஊகமாகச் சொல்லப்பட்ட இந்தச் செயற்பாடு 2016இல் இயற்பியல் சோதனையால் உறுதியானது. காற்றில் ஆடியும் வலை தொய்ந்து போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் சிலந்தி ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும்: பசையில்லாத ஆரைகளில் மட்டும் நடக்கிறது என்று. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. சுருளைப் போடும்போது அதே பசை நூலைப் பின்னங்காலால் நூற்றுக்கணக்கான தடவை தொடுகிறது. இரையை நோக்கி ஓடும்போதும் கால் பசையில் படத்தான் செய்கிறது. உருப்பெருக்கியில் பார்த்தவர்கள் கண்டது இது: கால் முழுவதையும் மூடியிருக்கும் மயிர்களின் நுனிகள் மட்டுமே பசையைத் தொடுகின்றன, அதனால் ஒட்டும் பரப்பு மிகக் குறைவு, காலை விலக்கும்போது நூல் மயிரின் நுனியை நோக்கி வழுக்கி விடுபடும்படி பக்குவமாக இழுக்கிறது. மூன்றாவது ஒன்றும் சொல்லப்படுகிறது. காலில் எண்ணெய் போன்ற ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது என்பது. பிரெஞ்சு இயற்கையியலாளர் ஃபாப்ர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அப்படிக் கருதினார். காலைக் கரைப்பானில் கழுவினால் அது கூடுதலாக ஒட்டுகிறது என்று 2012இல் வெளிவந்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. முதல் இரண்டும் உறுதியானவை. பூச்சு இருப்பது நம்பத்தக்கது. அதன் பங்கு எவ்வளவு என்பது இன்னும் தீர்ந்த கணக்கு இல்லை. ஒன்று நிச்சயம்: சிலந்தி தன் பசைக்கு முற்றிலும் தப்பிய பிராணி அல்ல. ஒரு சிலந்தியைப் பிடித்து வலையில் எறிந்தால் அதுவும் கொஞ்ச நேரம் தடுமாறும்.

இரை விழுந்தது தெரிவது கண்ணால் அல்ல. எட்டுக் கண் இருந்தும் வலை பின்னும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளிச்சமும் நிழலும் தெரிவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தெரியாது. கேட்பதெல்லாம் கால்தான். காலின் மேற்றோலில், மூட்டுக்கள் அருகே, நுண்ணிய பிளவுகள் வரிசையாக அமைந்திருக்கின்றன. நூல் அதிர்ந்தால் தோல் மிகச் சிறிதளவு நெளிகிறது; பிளவு ஒடுங்குகிறது; அங்கேயுள்ள நரம்பு செய்தி அனுப்புகிறது. மையத்தில் எட்டுக் காலையும் வெவ்வேறு திசை ஆரைகளில் வைத்திருப்பதன் பொருள் இதுதான். எந்தக் காலில் அதிர்வு பலமாக வருகிறதோ அந்தத் திசையில் இரை. காற்று ஆட்டுவது மெதுவான, முழு வலைக்கும் பொதுவான அசைவு. இலையானின் இறகடிப்பு வேறு, வேகமானது, ஓரிடத்திலிருந்து வருவது.

இதை நீங்களே சோதிக்கலாம். பௌதிகவியல் செய்முறைக்குப் பயன்படும் இசைக்கவை ஒன்று கிடைத்தால் போதும். அதைத் தட்டி, அதிரும் கிளையை வலையின் ஓரத்தில் ஓர் ஆரையில் மெதுவாகத் தொடவிடுங்கள். சிலந்தி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பும். முன்னங்கால்களால் அந்த ஆரையையும் பக்கத்து ஆரைகளையும் சுண்டிப் பார்க்கும். பிறகு நேரே ஓடிவந்து இசைக்கவையைப் பிடிக்கும். சிலது அதற்கு நூல் சுற்றவும் தொடங்கும். ஆங்கிலேய இயற்பியலாளர் பாய்ஸ் 1880இல் இந்தச் சோதனையைப் பதிவு செய்தார். நான் மாணவர்களுக்குக் காட்டியபோது, ஏமாந்த சிலந்தி இசைக்கவை ஓய்ந்ததும் அதைக் கைவிட்டு மையத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஆரைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்ததைத்தான் அவர்கள் அதிகம் ரசித்தார்கள். அந்த இழுத்துப் பார்த்தல் முக்கியமானது. விழுந்த பூச்சி அசையாமல் கிடந்தால் அதிர்வு வராது. அப்போது சிலந்தி தானே நூல்களைச் சுண்டி, எந்த ஆரையில் பாரம் இருக்கிறது என்று அறிகிறது. முருங்கைச் சருகு விழுந்திருந்தால் போய்ப் பார்த்து, வெட்டி, கீழே தள்ளிவிடும்.

இரை என்று தெரிந்த பிறகு நடப்பது மிக வேகமானது. உங்கள் ஆர்கியோப் முதலில் கடிப்பதில்லை, கட்டும். பூச்சிக்குக் கிட்ட வந்ததும் திரும்பி நின்று, பின்னங்கால்களால் நூலை அகலமான பட்டையாக எடுத்து அதன்மேல் வீசி வீசிப் போர்த்துகிறது. நூறு இழைகள் ஒன்றாக வரும் அந்தப் பட்டை வெள்ளைத் துணிபோல் தெரியும். இதன் இலாபம் என்னவென்றால், கொட்டும் குளவியையும் உதைக்கும் தத்துவெட்டியானையும் எட்ட நின்றே அடக்கிவிடலாம். கட்டி முடித்த பிறகுதான் கடி, நஞ்சு. அந்துப்பூச்சியோ வண்ணத்துப்பூச்சியோ விழுந்தால் மட்டும் இந்த ஒழுங்கு மாறுகிறது: ஓடிவந்து முதலில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். காரணம் எளிது. அவற்றின் செதில்கள் கழன்று பசையில் தங்கிவிட, பூச்சி வழுக்கிக்கொண்டு தப்பிவிடும். காலையில் வலையில் சாம்பல் பூசியது போன்ற ஒரு தடம் மட்டும் இருந்தால், இரவில் ஓர் அந்துப்பூச்சி வந்து தப்பிப் போயிருக்கிறது என்று பொருள். வலை சில விநாடிகளுக்குமேல் பிடித்து வைப்பதில்லை என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

விழுவதையெல்லாம் தின்பதும் இல்லை. கிலுகிலுப்பைச் செடியின் நஞ்சை உடலில் சேர்த்து வைத்திருக்கும் ஓர் அந்துப்பூச்சி அமெரிக்காவில் உண்டு. அது அங்குள்ள பொன்னூல் சிலந்தியின் வலையில் விழுந்தால், சிலந்தி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள நூல்களை வெட்டி அதைப் போகவிட்டுவிடுகிறது. தின்பதும் நாம் நினைப்பதுபோல் அல்ல. சிலந்தி திண்மமாக எதையும் விழுங்காது. செரிமானச் சாற்றை இரையின்மேல் விட்டு, கரைந்ததை உறிஞ்சுகிறது. சக்கையைக் கீழே போடுகிறது.

இவ்வளவும் வட்ட வலையின் கதை. 2022ஆம் ஆண்டோடு அறிவியல் பெயர் பெற்ற சிலந்தி இனங்கள் 50,000ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் ஏறத்தாழப் பாதி, இரை பிடிக்க வலையே கட்டுவதில்லை. குசினிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓடித் திரிந்து கரப்பான் பிடிக்கும் சிலந்தி அப்படிப்பட்டது. இலங்கையின் வடக்கே மாங்குளம் பகுதியில் கண்டறியப்பட்டு 2012இல் விவரிக்கப்பட்ட போசிலோதீரியா ராஜேய் என்ற பெரிய புலிச்சிலந்தியும் மரப்பொந்தில் ஒளிந்திருந்து பாய்ந்து பிடிப்பதே. வீட்டு மூலையில் ஒட்டறை என்று நாம் அடித்துத் தள்ளுவதில் பெரும்பகுதி நெட்டைக்கால் சிலந்தியின் வலை. அதில் வட்டமும் இல்லை, ஆரையும் இல்லை, ஒழுங்கே இல்லை. அந்தச் சிலந்தி நீண்ட கால்களால் எட்ட நின்று நுளம்பின்மேல் நூல் எறிகிறது. தொந்தரவு செய்தால் உருவமே தெரியாதபடி உடலைச் சுழற்றி ஆட்டுகிறது. சுவரடியில் வாழும் சில சிறு சிலந்திகள், கீழ் முனையில் மட்டும் பசையுள்ள நூல்களை நிலம்வரை விறைப்பாக இழுத்துக் கட்டுகின்றன. எறும்பு முட்டியதும் நூல் அடியில் அறுந்து எறும்பை மேலே தூக்கிவிடுகிறது. இந்த ஒரு பொறிமுறைக்காகவே பழைய வீட்டு விறாந்தையில் ஒரு மணி நேரம் குந்தியிருக்கலாம்.

பசையே இல்லாத வலைகளும் உண்டு. கள்ளி, நாகதாளிப் புதர்களில் கூடாரம்போல் கிடையாக விரிந்திருக்கும் வலையில் ஒரு துளி பசை கிடையாது. மேலேயுள்ள தாறுமாறான நூல்களில் மோதிக் கீழே விழும் பூச்சியை, விரிப்பின் அடியில் தொங்கும் சிலந்தி பிடிக்கிறது. முள்வேலிகளில் அழுக்குப் பஞ்சுக் கட்டிபோல் கூடு கட்டிக் கூட்டமாக வாழும் ஸ்டெகோடிபஸ் சிலந்திகள் நூலைக் காலிலுள்ள சீப்பால் வாரி மிகமிக நுண்ணிய இழைகளாக்குகின்றன. அந்த உலர்ந்த இழைகளே பூச்சியைப் பிடிக்கின்றன. பூச்சியின் மேற்றோலிலுள்ள மெழுகு அந்த இழைகளுக்குள் ஊறி, பிடியை இன்னும் இறுக்குகிறது என்று 2017இல் கண்டறிந்தார்கள். இரையின் மெழுகே இரைக்குப் பசையாகிறது.

சிலந்திக்கும் எதிரி உண்டு என்பதை விட்டுவிடக் கூடாது. பெரிய வலைகளின் ஓரத்தில் வெள்ளித் துளிபோல் சில குட்டிச் சிலந்திகளைக் கண்டால், அவை வலைக்காரியின் பிள்ளைகள் அல்ல. சிறு பூச்சிகளைத் திருடித் தின்னும் வேறு இனம். போர்ட்டியா என்ற பாயும் சிலந்தி இலங்கையிலும் இருக்கிறது. அது பிறர் வலையின் ஓரத்தில் நின்று, பூச்சி சிக்கியதுபோல் நூலைச் சுண்டி, ஓடிவரும் வலைக்காரியைக் கொன்று தின்கிறது. இசைக்கவையால் நாம் செய்வதை அது காலால் செய்கிறது.

இனி, அடித்துச் சொல்ல முடியாதவை. நீங்கள் கண்ட வெள்ளைத் தையல் எதற்கு? அது புற ஊதா ஒளியைத் தெறிப்பதால் பூச்சிகளைக் கவர்கிறது என்று ஒரு கட்சி, 1990இலிருந்து சோதனைகளோடு வாதாடுகிறது. பறவைகள் வலையில் மோதாமல் எச்சரிக்கிறது என்று இன்னொரு கட்சி. சிலந்தியின் உருவத்தைக் குழப்பி எதிரியிடமிருந்து காக்கிறது என்று மூன்றாவது. தையல் உள்ள வலையில் இரை கூடுதலாக விழுந்த ஆய்வும் இருக்கிறது, குறைவாக விழுந்த ஆய்வும் இருக்கிறது. இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் பயன் மாறலாம் என்பதே என் கணிப்பு. வலையை இறுக்கிப் பலப்படுத்துகிறது என்ற பழைய விளக்கத்தை மட்டும் நான் நம்புவதில்லை. ஆரைகளோடு அவ்வளவு தளர்வாக ஒட்டியிருக்கும் ஒன்று பெரிதாக எதைத் தாங்கும்? மின்னேற்றக் கதையும் அப்படித்தான். பறக்கும் பூச்சிகள் நேர்மின்னேற்றம் பெறுகின்றன, அவை கிட்ட வரும்போது வலை நூல்கள் அவற்றை நோக்கி வளைகின்றன என்று 2013இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். அது நடப்பது உண்மை. வேலியோரத்தில், காற்றில் ஆடும் வலையில், அதனால் எத்தனை பூச்சி கூடுதலாக விழும் என்பது வேறு கேள்வி.

சிலந்தி ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதற்கு மட்டும் ஓரளவு நல்ல பதில் உண்டு. ஏறி ஓடுவதைவிட இறங்கி ஓடுவது விரைவு. அதனால்தான் வட்ட வலையின் கீழ்ப்பாதி மேற்பாதியைவிடப் பெரிது. மையம் நடுவில் இல்லாமல் சற்று மேலே இருக்கும். அளந்து பாருங்கள். 1973இல் ஸ்கைலாப் விண்நிலையத்துக்கு அரபெல்லா, அனிட்டா என்று இரண்டு சிலந்திகளைக் கொண்டுபோனார்கள். தொடக்கத்தில் அலங்கோலமாகப் பின்னினாலும் பிறகு ஈர்ப்பே இல்லாமல் வலை கட்டப் பழகிக்கொண்டன. 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செய்த சோதனையில், விளக்கு எரியும்போது சிலந்தி வெளிச்சத்தையே மேற்புறமாக எடுத்துக்கொண்டது. விளக்கில்லாதபோது கட்டியவை பெரும்பாலும் மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தன.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தட்ட வேண்டியதில்லை. ஆர்கியோப் தானாக வந்து கடிக்காது. கையால் நசுக்கிப் பிடித்தால் கடிக்கலாம், அப்போதும் வலியும் கொஞ்சம் வீக்கமும்தான். சிலந்தி சலம் பட்டு மேலில் கொப்புளம் போட்டது என்று எங்கள் ஊரில் சொல்வதில் பெரும்பகுதி சிலந்தியின் குற்றமே அல்ல. இரவில் விளக்கைத் தேடி வரும், செம்மஞ்சளும் கறுப்புமான ஒரு மெல்லிய வண்டை உடலில் வைத்து நசுக்கும்போது அதன் நஞ்சு பட்டு அப்படி எரிந்து கொப்புளிக்கும். சில வேளை அக்கியாகவும் இருக்கும்; கொப்புளம் ஒரே பக்கத்தில் வரிசையாகப் போட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். வெங்காயத் தோட்டத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடிப்பவர்கள் புழுவோடு சேர்த்துச் சிலந்தியையும் கொன்றுவிட்டு, அடுத்த மாதம் இன்னும் கூடுதலாக மருந்து வாங்குவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் வலை நடைபாதையில் நிற்பதுதான் சிக்கல் என்றால், மேலே போகும் பால நூலை ஒரு பக்கத்தில் ஈர்க்கால் அறுத்து, சிலந்தியோடு சேர்த்து வேலிப் பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். மாலையில் செய்வது நல்லது, விடியுமுன் புதிதாகக் கட்ட அதற்கு நேரம் இருக்கும். முதல் நாள் அதே இடத்துக்குத் திரும்பி வரக்கூடும். இரண்டு மூன்று தடவை வலை குலைந்தால் பெரும்பாலும் தானே இடத்தை மாற்றிக்கொள்ளும்.